சுண்ணாம்புக் கோடும் ஈரத்துணியும்

அடிவாரத்தில் பஸ் கிளம்பியதுமே சண்டை ஆரம்பித்துவிட்டது. மேலே ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழா சமயம். நிற்கவே இடமில்லை. எனக்கு முன் சீட்டுக்காரர் கூடையில் ஒரு கோழி வைத்திருந்தார். அது பக்கத்தில் நின்றவரின் காலைக் கொத்திக்கொண்டே வந்தது.

“ஏனுங்க, உங்க கோழி என்ற காலக் கொத்துதுங்க.”

“காலை அக்கட்ட வையுங்க. அது உங்க காலுன்னு கோழிக்குத் தெரியுங்களா?”

“உங்களுக்குத் தெரியுமில்லீங்க?”

இப்படியே வளைவுக்கு வளைவு வளர்ந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. ஆனால் வாய்க்கு வாய் ‘ங்க’ மட்டும் விட்டுப்போகவில்லை. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். தண்ணீர் ஊற்றி ஆறும்வரை காத்திருந்தபோது பார்க்கிறேன், கோழிக்காரரும் கொத்து வாங்கியவரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றபடி யாரோ ஒரு மூன்றாவது ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈப்போவில் இப்படியெல்லாம் கிடையாது. எங்கள் ஊர் பஸ்ஸில் கோழி கொத்தினால் காலை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்போம். மலேசியாவுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். என் வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அவர் பேப்பர் படிப்பார், நான் பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவேன். பள்ளிக்கூட டீச்சருக்கு வீட்டிலும் சத்தம் வேண்டுமா என்ன.

பள்ளி விடுமுறையில் நான் அவசரமாகக் கிளம்பி வந்ததற்குக் காரணம் ரெஜினா அக்கா. மார்வலி வந்து சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். செம்மநத்தம் போகிற சாலையில் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அதுதான் பிழைப்பு. பிள்ளைகள் இல்லை. அக்காவும் அவள் புருஷன் சவரிமுத்து மாமாவும் மட்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை. கூப்பிடு தூரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கேட்கும். “உங்க அக்காளும் மாமாவும் பேசிக்கறது கேட்டா எங்களுக்கு ரேடியோ எதுக்குங்க?” என்று முன்பொரு முறை பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அதனால் நான் வாசலில் இறங்கியதும் முதலில் கவனித்தது சத்தமில்லாததைத்தான்.

மாமா என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் கண் அதே கண். மாமாவே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அக்கா ஒரு வாய் குடித்தாள்.

“ஏனுங்க, இது காப்பியா, கழனித்தண்ணியா?”

பழைய மாமாவாக இருந்தால், “உன்ற நாக்கு செத்துப்போச்சுன்னா காப்பி என்ன பண்ணும்?” என்று ஆரம்பித்திருப்பார். இப்போது டம்ளரை வாங்கிக்கொண்டு, “ஆமா புள்ள, நல்லாத்தான் இல்ல. வேற போட்டுட்டு வாறன்” என்று அடுப்படிக்குப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பூரித்துப்போனேன். கடைசிக் காலத்தில் மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் மாமா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். ஈப்போவில் நானும் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், அந்த மணம் வராது. எங்கள் ஊர் அரிசியைச் சொல்வதா, என் கையைச் சொல்வதா தெரியவில்லை. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா தட்டைத் தள்ளிவிட்டு உப்பு அதிகம் என்றாள். உப்பு அளவாகத்தான் இருந்தது. மாமா, “கொஞ்சம் கூடித்தான் போச்சு” என்று தலையாட்டினார்.

அடுப்படியில் அவரைப் பிடித்துக் கேட்டேன். “உப்பு சரியாத்தானே இருக்கு மாமா?”

“டாக்டர் சொல்லிப்போட்டாரு கண்ணு. கோவம் வர்ற மாதிரி ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு. இன்னொருக்கா மார்ல வந்துச்சுன்னா தாங்காதாம்.” கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். “அவ என்ன சொன்னாலும் சரின்னு சொல்லீட்டாப் போச்சு. நொம்ப சுலுவுதான்.”

சுலபமாக இருக்கிற முகமாக அது இல்லை.

அடுத்த நாள் என்னைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அக்காதான் மாமாவை அனுப்பினாள். மலை உச்சியில் புல்வெளி. அதன் நடுவில் குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சாமி. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான், ஆனாலும் சேர்வராயனைப் பார்க்காமல் இந்த மலையில் யாரும் இருந்துவிட முடியாது. இந்தக் காற்றுக்கு ஈப்போ பக்கத்துக் காமரன்மலைக் காற்று ஈடாகாது என்று மாமாவிடம் சொன்னேன். அதற்கும் ஆமாம் என்றார். அவர் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் சந்தையில் ஒரு வியாபாரம் நடந்தது. மலைக்காரர் ஒருவர் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலத்துக்காரர் ஒருவர் வந்து விலை கேட்டார். சொன்னார். “சரிங்க, குடுங்க” என்று சேலத்துக்காரர் உடனே பையை அவிழ்த்தார். மலைக்காரர் முகம் மாறிவிட்டது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

“விக்கலீங்க.”

“ஏனுங்க? கேட்டதக் குடுக்கறேங்கறனே!”

“அதுதானுங்க ஒரு மாதிரியா இருக்குது” என்று சொல்லிவிட்டு கிடாவை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நான் வந்து அன்றைக்குத்தான் மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

இனி அந்தத் தோட்டத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காப்பிச் செடி மர நிழலில் வளர்வது. சில்வர் ஓக், கல்யாண முருங்கை, இடையிடையே பலா. நிழல் கூடினால் செடி தழைக்கும், காய்க்காது. நிழல் குறைந்தால் வெயிலில் கருகும். அதனால் பூ விரிய வைக்கும் பூமழை பெய்து பிஞ்சு பிடித்ததும், பெருமழைக்கு முன்னால், மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

அக்கா வெளிச்சக் கட்சி. மாமா மரக் கட்சி. ஒரு கிளை விழுந்தாலும் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். வருஷா வருஷம் அக்கா சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய் அடிமரத்தில் கோடு போடுவாள். ஒரு கோடு என்றால் அடிக்கிளை மட்டும். இரண்டு என்றால் பாதி மரம். மூன்று என்றால் உச்சிக் கொண்டையை விட்டுவிட்டு மற்றதெல்லாம். மாமா பின்னாலேயே ஈரத்துணியோடு வந்து அழிப்பார். அவள் திரும்பி வந்து மறுபடி போடுவாள். “ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?” என்பாள் மரியாதையாக. பொழுது சாயும்வரை நடக்கும். சாயந்தரம் எந்தக் கோடு மிச்சமிருக்கிறதோ அதுதான் கணக்கு, காலையில் ஆட்கள் வந்து அதன்படி வெட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டு கோடு மிஞ்சும். அந்த மலையில் அவர்கள் காப்பிக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் கோடு போட அக்காவால் நடக்க முடியாது. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். டப்பாவும் கோடு போடும் மட்டையும் என் கையில். மாமா ஏதோ வேலையாக டவுனுக்குப் போயிருந்தார்.

“மூணு போடு” என்றாள்.

போட்டேன். அடுத்த மரம். “மூணு.” அதற்கடுத்ததும் மூணு.

“எல்லா மரத்துக்குமா அக்கா? மொட்டையாயிடாதா?”

“போடு லூர்து. நீ போட்டா நின்னுடுதாக்கும்? அவரு தொடைப்பாரில்ல.” பல நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. “நான் ரெண்டு போட்டன்னு வை, மனுசன் ஒண்ணாக்கிப் போடுவாரு. மூணு போட்டாத்தான் ரெண்டு நிக்கும்.”

நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, தோட்டம் முழுக்க மூன்று மூன்றாகப் போட்டு முடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா தலை வாரிக்கொண்டு, ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மாமா திரும்பி வந்தார். தோட்டத்துக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். கால் கழுவினார். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணி என்று சொல்கிற அந்தப் பழைய வேட்டித் துண்டு குழாய் மேலேயே கிடந்தது.

“ஏனுங்க, கோடு போட்டாச்சு. பாத்தீங்களா?”

“பாத்தன் புள்ள.”

“மூணு மூணாப் போட்டிருக்குது.”

“ம். உன்ற இஷ்டம்.”

அக்கா குழாய் இருக்கிற பக்கம் பார்த்தாள். பிறகு, “குழாயில தண்ணி வருதாங்க?” என்று கேட்டாள்.

“வருது. குடிக்கக் கொண்டாரட்டா?”

“வேண்டாம்” என்றாள்.

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய், மாமாவை அழிக்கச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டேன். என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “வாயத் தொறக்காத. நானா எறங்கி வந்த மாதிரி ஆயிடும். இன்னும் வெளிச்சம் இருக்குது, எந்திரிப்பாரு.” அவர் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் போனது.

காலையில் மரமேறும் ஆட்கள் வந்தார்கள். முதல் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். “ஏனுங்க, மூணு கோடு அப்படியே இருக்குதுங்களே? அம்மாவுக்குத் தெரியுங்களா?”

“அம்மா போட்டதுதானப்பா. இருக்கற மாதிரி வெட்டுங்க” என்றார் மாமா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நிற்காமல் வீட்டின் பின்புறம் வந்து விறகு அடுக்க ஆரம்பித்தார்.

கிளைகள் விழுகிற சத்தம் அன்று முழுவதும் கேட்டது. அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை. மத்தியானத்துக்குள் அந்த ஜன்னலில் நான் அதுவரை பார்த்திராத அளவுக்கு வானம் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன். “நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாரு லூர்து” என்றாள். “உசுரோட இருக்கற பொண்டாட்டிகிட்ட யாராவது இப்பிடி சரி சரின்னு சொல்லுவாங்களா?” அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகாவது மழை வந்திருக்கலாம். வரவில்லை. ஏற்காட்டுக்குக் குளிர் தேடிப் போனேன் என்று ஈப்போவில் யாரிடமும் சொல்ல முடியாதபடி வெயில் அடித்தது. சுற்றுலா வந்தவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, என்ன அருமையான வானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே காப்பி இலைகள் முதலில் மஞ்சளாயின. பிறகு ஓரம் கருகிச் சுருண்டன. பச்சைப் பிஞ்சுகள் காலில் மிதிபட்டன. மாமா விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், இளம் செடிகளுக்கு மட்டுமாவது ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“மாமா, இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன கண்ணு? முப்பது வருசமா இந்தச் செடியோடதான இருக்கறன்.”

“அப்புறம் ஏன் விட்டீங்க? அவ வெட்டணும்னு போடலை மாமா. நீங்க அழிப்பீங்கன்னு போட்டா.”

குடத்தைக் கீழே வைத்தார். “அதுவும் தெரியும்” என்றார். “துணிய நனைக்கக் குழாய்க்குப் போனன். தொடைச்சா அவ கத்துவா. கத்தி மார்ல வந்துட்டா? தோட்டம் போனாப் போவுது, நட்டுக்கலாம். அவ இருக்கோணுமில்ல?”

அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. அவள் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் அது நடந்தது. வாசலில் ஒரு பலாமரம். கல்யாணமான வருஷம் மாமா நட்டது. அதில் கோடு போட அக்காவுக்கே மனம் வந்ததில்லை. அன்றைக்குக் காலையில் அதில் பழுத்த பழத்தை நானும் மாமாவும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்துகொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏனுங்க, அந்தப் பலாவ வெட்டிப்போடுங்க. ஊட்டுக்குள்ள இருட்டா இருக்குது.”

வீட்டுக்குள் துளி இருட்டு இல்லை. மாமாவின் கை நின்றது. வாயைத் திறந்தார். இப்போது வந்துவிடும், திட்டப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, ஒரு வார்த்தை திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

“சரி புள்ள” என்றார்.

எழுந்து கோடாலியை எடுத்துவந்தார். கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்தார். தீட்டும் சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்துவிட்டாள். அவரையே பார்த்தபடி நின்றாள். அவர் நிமிரவில்லை.

“வேண்டாம். இருந்துட்டுப் போவட்டும்” என்றாள், யாரோ முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். சுளைகளை அவரும் தொடவில்லை, அவளும் தொடவில்லை. நான் மட்டும் தின்றேன். அவ்வளவு இனிப்பான பழம் அது.

அக்கா அந்த மார்கழியில் போய்விட்டாள். தூக்கத்திலேயே, யாரோடும் சண்டை போடாமல். நிம்மதியான சாவு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அதே விடுமுறையில்தான் வந்தேன். கருகிப்போன இடத்தில் மாமா புதுக் கன்றுகள் நட்டிருந்தார். மிஞ்சிய பழைய செடிகள் தளதளவென்று நின்றன. காய் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டையான மரங்கள் மறுபடி தழைத்துக் கிளைக்குக் கிளை பின்னிக்கொள்ள, தோட்டம் பட்டப்பகலில் மங்கலாக இருந்தது.

“கழிக்கவே இல்லையா மாமா?”

“யாரு கேட்டாங்க?” என்றார்.

காப்பி போட்டுக் கொடுத்தார். கழனித்தண்ணியாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன். பிறகு உள்ளே போய் அந்தச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்தார். புதிதாகக் குழைத்து வைத்திருந்தார். “நீ போடு கண்ணு. அவளுக்காக நீதான போட்ட, உனக்குத் தெரியும்” என்றார்.

எனக்குத் தெரியும்தான். முப்பது வருஷச் சண்டையில் கடைசியில் மிஞ்சுவது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு மரத்திலும் பார்த்துப் பார்த்து, நேர்த்தியாக, கரும்பலகையில் போடுவதுபோல இரண்டு கோடு போட்டேன். அவருக்கு ஒரு கிளைகூட அநாவசியமாகப் போய்விடக் கூடாது, செடியும் காய்க்க வேண்டும் என்ற கவலை எனக்கு. மாமா பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு கோட்டையும் நின்று பார்த்தார். கையில் அந்த வேட்டித் துண்டு இருந்தது. அதிலிருந்து அவர் வந்த வழியெல்லாம் தண்ணீர் சொட்டியிருந்தது.

“சரியா இருக்கா மாமா?”

“சரியாத்தான் இருக்குது” என்றார். “ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

துண்டைப் பிழிந்து குழாய் மேல் காயப்போட்டுவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கும் பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு மிளகு மூட்டைக்காரருக்கும் சண்டை. நகத்திலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு நான் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதோ நான்காவதோ வளைவில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வந்தவருக்கு அழிக்க ஒரு கோடாவது நான் கூடுதலாகப் போட்டு வைத்திருக்க வேண்டும். எழுந்து நின்று, பஸ்ஸை நிறுத்துங்க என்றேன். “வளைவுல நிக்காதுங்க, உக்காருங்க” என்றார் கண்டக்டர். உட்கார்ந்துகொண்டேன்.